கோடாலி எழுத்து

ஆறாவது எழுத்து மேசை மேல் மல்லாந்து கிடந்தது. ஆள் உயரம், அரை ஆள் அகலம், ஒரு சாண் கனம். நியாயமாகப் பார்த்தால் வட்டமாக இருந்திருக்க வேண்டிய எழுத்து. ஆனால் இதை வரைந்தவர்களுக்கு வட்டம் என்றாலே ஆகாது போலிருக்கிறது. எட்டு மூலை வைத்து, ஒவ்வொரு மூலையையும் வெட்டிய வெட்டிலேயே விட்டிருந்தார்கள். போதாததற்கு நடுவில் சரிவாக ஒரு பிளவு. ஒன்பது எழுத்தும் இதே லட்சணம்தான். படம் வந்த அன்றைக்கே பட்டறையில் இதற்குக் கோடாலி எழுத்து என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

அவள் இடது உள்ளங்கையைத் தகட்டில் ஊன்றிக்கொண்டு, தட்டை அரத்தை மூலையின் விளிம்பில் சாய்த்து வைத்து ஒரு தேய்ப்புத் தேய்த்தாள். அந்தப் பக்கம் திருப்பி இன்னொன்று. முனையில் லேசாக ஒன்று. மூன்றே தேய்ப்பு. பிறகு கட்டை விரலால் தடவிப் பார்த்தாள். தோலில் மாட்டவில்லை. அடுத்த மூலைக்கு நகர்ந்தாள். காலையிலிருந்து நின்றுகொண்டே இருந்ததில் கெண்டைக்கால் இரண்டும் கல்லாகிக் கிடந்தன. உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வராது என்று உட்காராமலே இருந்தாள்.

பட்டறையில் அவளுக்கு அரத்தக்கா என்று பெயர். வெல்டிங் முடிந்து வருகிற பெயர்ப்பலகை எழுத்துகளுக்குப் பிசிறு எடுத்து, முனை மழுக்கி, பளபளப்பு ஏற்றி அனுப்புவது அவள் வேலை. முனை மழுக்கு என்று யாரும் அவளிடம் சொன்னதில்லை. சொல்லவும் வேண்டாம். இந்தத் தொழிலில் இருக்கிற யாருக்கும் முனை மழுக்காத தகடு என்றால் வேலை முடியாத தகடு, அவ்வளவுதான். எழுத்தைத் தூக்கிக்கொண்டு போய்ச் சுவரில் மாட்டுகிறவர்களுக்கும் கை என்று ஒன்று இருக்கிறதே.

"அக்கா, இன்னும் எவ்வளவு நேரம் அதைக் கொஞ்சிக்கிட்டு இருப்பீங்க? இன்னும் மூணு கெடக்குது" என்று மேஸ்திரி அந்தக் கோடியிலிருந்து கத்தினார்.

"கொஞ்சலைன்னா கடிக்குது மேஸ்திரி. வேணும்னா வந்து கையை வச்சுப் பாருங்க."

"எனக்கெதுக்கு வம்பு? பத்து விரலும் பத்திரமா இருக்கு, இருக்கட்டும்." கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினார். "இன்னும் எத்தனை நாள்?"

"பத்தொம்பது."

"வாயைத் திறக்காம, யார் கண்ணுலயும் படாம ஓட்டிடுங்க."

அதை அவர் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. இடைவெளி இல்லாமல் ஒரு வருஷம் வேலை பார்த்தால் பெயர் நிரந்தரப் பதிவேட்டில் ஏறும். பெயர் ஏறினால் மருத்துவ அட்டை வரும். குடும்பத்துக்கே செல்லும். இடையில் சேர்ந்தாற்போல ஏழு நாளுக்கு மேல் வராமல் போனால் எண்ணிக்கை மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கும். அதனாலேயே ஆட்களுக்குப் பதினோராவது மாதம் பிறந்தால் முதலாளிக்கு அவர்கள் மேல் திடீரென்று பாசம் பொங்கிவிடும். "என்னப்பா, முகமே வாடிப்போச்சு, ஒரு பத்து நாள் ரெஸ்ட் எடேன்" என்பார். அந்தப் பட்டறையில் வெல்டர்கள் இரண்டு பேர் எட்டு வருஷமாகப் புது ஆட்களாகவே இருந்தார்கள். அவள் காய்ச்சலோடு வந்திருக்கிறாள். வயிற்றுப்போக்கோடு வந்திருக்கிறாள். முகம் வாடினால் தெரியக்கூடாதென்று வாசல் குழாயில் முகம் கழுவிவிட்டுத்தான் உள்ளே நுழைவாள்.

அட்டை அவளுக்காக இல்லை, அவள் புருஷனுக்காக. அவன் சந்தையில் மூட்டை தூக்குகிறவன். இரண்டு வருஷமாக அடிவயிற்றில் குடல் இறங்கிக் கிடக்கிறது. கனம் தூக்கினால் எலுமிச்சை அளவு வெளியே புடைத்துக்கொண்டு வரும். அவன் ஒரு ஓரமாகப் போய்ப் படுத்து, கையால் உள்ளே தள்ளிவிட்டு, இடுப்புப் பட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டு திரும்ப மூட்டைக்குப் போவான்.

அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனபோது அவன் தரையில் மல்லாந்து கிடந்தான். இரண்டு காலையும் நாற்காலி மேல் தூக்கிப் போட்டிருந்தான்.

"என்னங்க, வந்துடுச்சா?"

"குடியிருக்கறவன் வெளிய வந்து எட்டிப் பாத்தான். உள்ள போய் உக்காருடா, இன்னும் பத்தொம்பது நாள்ல உனக்கு ஏற்பாடு பண்றேன்னு சொல்லியிருக்கேன்."

"சிரிக்காதீங்க. டாக்டர் என்ன சொன்னாரு?"

"என்ன சொல்வாரு? உள்ள போகாம ஒருநாள் வெளியவே நின்னுட்டா அப்புறம் கத்திக்கு நேரம் இருக்காதுன்னாரு. அட்டையோட வா, அடுத்த மாசம் மூணாந்தேதி பேரு எழுதி வச்சிருக்கேன்னாரு. நல்ல மனுஷன்." அவன் தலையைத் திருப்பி அவள் கையைப் பார்த்தான். "உன் விரலைக் காட்டு. இன்னைக்கும் பிளாஸ்திரி தீந்துடுச்சா?"

அவள் காட்டவில்லை. அடுப்பைப் பற்ற வைத்தாள்.

வியாழக்கிழமை காலையில் ஒன்பது எழுத்தும் தயாராகிச் சுவரோரம் வரிசையாக நின்றன. அவற்றைப் பார்க்க மூன்று பேர் வந்தார்கள். புதிதாகக் கட்டிய பேட்டரி கம்பெனியின் மேனேஜர், இந்த எழுத்தை வரைந்த இளம்பெண், அவர்களுக்கு முன்னால் பின்னால் ஓடிக்கொண்டு முதலாளி. வரைந்த பெண்ணுக்கு இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். கண்ணுக்குக் கீழே கருவளையம். லேப்டாப் பையைத் தோளிலிருந்து இறக்கவே இல்லை. நேராக முதல் எழுத்துக்குப் போய் மேல் மூலையில் நகத்தை வைத்து இழுத்தாள். இரண்டாவது மூலையிலும் இழுத்தாள். பிறகு தலையைச் சாய்த்து, விளக்கு வெளிச்சம் விழுகிற பக்கமாகப் பார்த்தாள்.

"இந்த மூலையெல்லாம் யார் பண்ணது?"

வெவ்வேறு பட்டறைகளில் அரம் பிடித்த இருபது வருஷத்தில் யாரும் அப்படிக் கேட்டதே இல்லை. அரத்தக்காவுக்கு நெஞ்சு ஒரு கணம் குளிர்ந்துவிட்டது. பாராட்டத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து, கையை முன்கட்டுத் துணியில் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"நான்தாம்மா."

"ஏன் இப்படி உருண்டையா இருக்கு?"

"உருண்டை இல்லம்மா. மழுக்கியிருக்கு. அரை மில்லிதான் வரும். கையைக் கிழிக்காம இருக்கட்டும்னு."

அந்தப் பெண் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை. "இல்லங்க. கீழ இருந்து பாக்கறப்போ இந்த விளிம்புல வெளிச்சம் பட்டு வெள்ளையா ஒரு கோடு தெரியும். மூலை மெத்துன்னு ஆயிடும். இந்த எழுத்துக்கு உயிரே அந்தக் கூர்தான். ஏழு மாசம் இதை வரைஞ்சிருக்கேன். படத்துலயே போட்டிருக்கே, மூலை வளைவு ஆரம் பூஜ்யம்னு."

போட்டுத்தான் இருந்தது. எல்லாப் படத்திலும்தான் போட்டிருக்கும். கம்ப்யூட்டரில் வரைகிறவர்கள் யாரும் மூலைக்கு அளவு சொல்ல மாட்டார்கள், அதுவாகவே பூஜ்யம் என்று விழுந்துவிடும். பட்டறையில் பூஜ்யம் என்றால் 'எங்களுக்குத் தெரியாது, நீங்களே பார்த்துச் செய்துகொள்ளுங்கள்' என்று அர்த்தம். இருபது வருஷத்தில் பூஜ்யத்தைப் பூஜ்யமாகவே கேட்ட முதல் ஆள் இந்தப் பெண்தான். இதை எடுத்துச் சொல்லத் தெரிந்தவர் அங்கே ஒருவர் இருந்தார். மேஸ்திரி. அவர் காலடியில் கிடந்த வெல்டிங் கம்பித் துண்டை வெகு அக்கறையாகப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். "இதப் பாருங்க, எங்க கம்பெனி எதிர்காலத்துக்கான கம்பெனி. ரோட்டுல போறவன் நிமிர்ந்து பாத்தான்னா எதிர்காலம்னு அவனுக்குத் தெரியணும். அதுக்குத்தான் இவ்வளவு செலவு பண்ணி எழுத்து வரைய வச்சிருக்கோம்."

"எதிர்காலத்துல யாருக்கும் கை இருக்காதா சார்?"

கேட்ட பிறகுதான் கேட்டது தன் வாய் என்று அவளுக்கே தெரிந்தது. பின்னால் வெல்டர் ஒருவன் களுக்கென்று சிரித்துவிட்டான். முதலாளி சிரிக்கவில்லை. அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாதா, பதினேழு நாள் சும்மா இருக்க முடியாதா என்று மனசுக்குள் தலையில் அடித்துக்கொண்டாள்.

அடுத்த நான்கு நாள் நடந்ததை வேலை என்று சொல்வதா, தண்டனை என்று சொல்வதா தெரியவில்லை. மேஸ்திரி ஒவ்வொரு மூலையிலும் வெல்டிங் வைத்து ஒரு பொட்டுப்போல உலோகத்தை ஏற்றினார். அவள் அதைச் சாணைச் சக்கரத்தில் தேய்த்து, அரத்தால் இரண்டு பக்கமும் தட்டையாக்கி, இரண்டு தட்டையும் சேருகிற இடத்தில் தாள் வெட்டுகிற கூர் வரும்வரை தேய்த்தாள். கை தானாகவே பழைய வழக்கத்தில் மூலையில் சாயப் பார்க்கும். சட்டென்று பிடித்து நிறுத்துவாள். விரல்களில் துணி சுற்றிக்கொண்டாள். துணி கிழிந்தது. மேலே இன்னொரு துணி சுற்றினாள். ஞாயிற்றுக்கிழமையும் வந்தாள். அன்று பட்டறையில் மேஸ்திரியையும் அவளையும் தவிர யாருமில்லை.

"அன்னைக்கு நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் மேஸ்திரி."

"என்னத்தைச் சொல்றது?"

"எல்லாப் படத்துலயும் பூஜ்யம்தான் இருக்கும், நாங்க மழுக்கறதுதான் வழக்கம்னு."

அவர் முகமூடியை நெற்றிக்கு ஏற்றினார். வேர்வை மூக்கு நுனியிலிருந்து சொட்டியது. "சொன்னா, அப்ப நீ ஏன் கவனிக்கலைன்னு என் தலையில விடியும். எனக்கும் ரெண்டு பிள்ளைங்க இருக்குக்கா." முகமூடியை இறக்கிக்கொண்டார். அவரோடு சண்டை போட அவளுக்குத் தெம்பில்லை. சண்டை போட்டு ஆகப்போவது என்ன என்றும் தோன்றியது.

திங்கட்கிழமை சாயங்காலம் லாரி வந்து எழுத்துகளை ஏற்றிக்கொண்டு போனது. ஒவ்வொன்றையும் கம்பளியில் சுற்றி ஏற்றினார்கள். வரைந்த பெண் வந்து ஒன்பதையும் நகத்தால் தொட்டுப் பார்த்து, "இதுதான்" என்று சொல்லிவிட்டுப் போனாள். லாரி தெருமுனை திரும்பியதும் முதலாளி கூப்பிட்டனுப்பினார்.

"உக்காரும்மா" என்றார். உட்காரச் சொன்னதும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. "பாவம், நாலு நாளா ராப்பகலா உழைச்சிட்டே. ஒரு பத்து நாள் ரெஸ்ட் எடு."

"ஐயா."

"அட, வேலை எங்கயும் போயிடாது. பதினோராம் நாள் வா. கம்பெனிக்காரன் கடுதாசி போட்டிருக்கான், தப்புப் பண்ண ஆள் மேல என்ன நடவடிக்கை எடுத்தீங்கன்னு. நான் ஏதாவது எழுதணுமா இல்லையா?"

"ஐயா, இன்னும் பதிமூணு நாள்தான் இருக்கு எனக்கு." அவள் யாரிடமும் கெஞ்சிப் பழகியவள் இல்லை. கெஞ்சத் தொடங்கியபோது குரல் எங்கிருந்தோ யாருடையதோ போல வந்தது. "மூணு நாள் நிறுத்துங்க. அஞ்சு நாள் நிறுத்துங்க. ஏழு நாள்கூட நிறுத்துங்க, நான் ஒண்ணுமே சொல்ல மாட்டேன். அந்த எட்டாவது நாள் மட்டும் வேணாங்கய்யா. அவருக்கு மூணாந்தேதி ஆபரேஷன்னு பேரு எழுதி வச்சிருக்காங்க. கூலியைப் பிடிச்சுக்கோங்க. நாளை மட்டும் பிடிக்காதீங்க."

முதலாளி மேசை மேல் இருந்த பேனாவை எடுத்து மூடியைக் கழற்றி மாட்டினார். "உன் வீட்டுக்காரருக்கு இப்படின்னு எனக்குத் தெரியாதேம்மா. முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார். நிஜமாகவே வருத்தப்படுகிறவர்போலத்தான் இருந்தது. "கடுதாசியில பத்துன்னு எழுதிட்டேனே."

வீட்டுக்குப் போய் அவள் அதைப் புருஷனிடம் சொன்னாள். இடுப்புப் பட்டையின் கொக்கியை மாட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தான். பிறகு தன் வயிற்றைப் பார்த்து, "கேட்டியா? இன்னும் ஒரு வருஷம் வாடகை கொடுக்காம இருந்துக்கடா" என்றான். வழக்கமாக அவள் திட்டுவாள். அன்று திட்டவில்லை. சுவரில் சாய்ந்து, முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். தான் பேசிய அந்த ஒரு வார்த்தைதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்றாள். அவன் நகர்ந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"என்ன வார்த்தை?"

சொன்னாள்.

"சரியாத்தானேம்மா கேட்டிருக்கே" என்றான் அவன். மறுநாள் விடிந்ததும் பட்டையைக் கட்டிக்கொண்டு சந்தைக்குப் போனான். அவள் வீட்டில் இருந்தாள். ஒரு வருஷமாகத் துவைக்காமல் விட்ட போர்வைகளைத் துவைத்தாள், பாத்திரங்களைத் தேய்த்தாள், தேய்த்ததையே மறுபடி தேய்த்தாள். கை சும்மா இருக்க மாட்டேன் என்றது.

நிறுத்தி ஐந்தாவது நாள் காலையில் மேஸ்திரி போன் செய்தார்.

"அக்கா, உடனே கிளம்பி பேட்டரி கம்பெனிக்கு வாங்க. உங்க அரம், துணி எல்லாம் நானே எடுத்துட்டு வந்துட்டேன்."

"எதுக்கு?"

"மாட்டுற ஆளுக்குக் கை போயிடுச்சு. அஞ்சாவது எழுத்து கயித்துல லேசா நழுவியிருக்கு, பிடிச்சிருக்கான். கையுறையோட சேத்து உள்ளங்கையைப் பிளந்துட்டுது. கட்டை விரலை மடக்கவே வரலையாம். பாதுகாப்பு அதிகாரி வந்து, எல்லா மூலையையும் மழுக்காம ஒரு ஆளும் கிட்ட போகக் கூடாதுன்னு நிறுத்திட்டாரு. செவ்வாக்கிழமை திறப்பு விழா. ரெண்டே நாள்ல முடிக்கணும். வேற யாரு இருக்கா?"

அவள் அந்த ஆளை நினைத்தாள். லாரியில் எழுத்தை ஏற்றிக்கொண்டு போக வந்தவர்களில் ஒருவனாகத்தான் இருக்கும். சம்மட்டிபோலக் கையும் சின்னப் பிள்ளைபோல முகமுமாக ஒருவன் இருந்தான், அவனாக இருக்கக் கூடாது என்று நினைத்தாள். யாராக இருந்தால் என்ன, கை கைதானே என்றும் நினைத்தாள். அதற்கு அடுத்து நினைத்ததை அவளே வெட்கப்பட்டுக்கொண்டுதான் நினைத்தாள். இன்றைக்கும் நாளைக்கும் வேலை பார்த்தால் விடுபடுவது முன்னால் நான்கு நாள், பின்னால் நான்கு நாள். நாலு நாள் ஏழுக்குள் அடங்கும்.

"மேஸ்திரி, இது கணக்குல வருமில்ல?"

"வாங்கக்கா. முதலாளிகிட்ட பேசிக்கலாம்."

கம்பெனி வாசலில் காவலாளி ஒரு சீட்டை நீட்டினார். மேலே 'பார்வையாளர்' என்று அச்சடித்திருந்தது. "யாரைப் பாக்க வந்திருக்கீங்க?"

"எழுத்தை."

அவர் நிமிர்ந்து பார்த்தார். கிண்டல் இல்லை என்று தெரிந்ததும் அந்த இடத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு உள்ளே விட்டார்.

கட்டடத்தின் முகப்பில் சாரம் கட்டியிருந்தார்கள். இரண்டு கோடியிலிருந்தும் மாட்டிக்கொண்டு வந்ததில் எட்டு எழுத்து மாட்டியாகிவிட்டது. நடுவில் வர வேண்டிய ஐந்தாவது மட்டும் கீழே கம்பளி மேல் கிடந்தது. அதன் ஓரத்தை யாரோ கரைப்பான் போட்டுத் துடைத்திருந்தார்கள். அவள் முதலில் அதைத்தான் எடுத்தாள். மூன்று தேய்ப்பு, தடவல். மூன்று தேய்ப்பு, தடவல். கைக்குப் பழைய வழி கிடைத்துவிட்டது. ஆனால் சாரத்தில் ஏறியபிறகு அது அவ்வளவு சுலபமாக இல்லை. ஒரு கையால் குழாயைப் பிடித்துக்கொண்டு, மறு கையை நீட்டி, மேல் மூலைகளுக்கு நுனிக்காலில் எம்பி. வெயிலில் தகடு கொதித்தது. உலோகத்தூள் கண்ணிமையில் ஒட்டிக்கொண்டது. மத்தியானத்துக்குள் தோள்பட்டை கழன்று விழுந்துவிடும்போல் ஆகிவிட்டது.

மூன்று மணிவாக்கில் சாரம் லேசாக ஆடியது. வரைந்த பெண் ஏறி வந்துகொண்டிருந்தாள். உயரம் பழக்கமில்லாதவள் என்று தெரிந்தது. இரண்டு கையாலும் குழாயைக் கட்டிப் பிடித்துக்கொண்டு பலகையில் உட்கார்ந்தாள்.

"அந்தக் கையை நான் பாத்தேங்க" என்றாள். கொஞ்சம் கழித்து, "ஸ்க்ரீன்ல வரையறப்போ எவ்வளவு கூரா வச்சாலும் ஒண்ணும் ஆகாதில்ல, அப்படியே பழகிட்டேன்" என்றாள்.

அரத்தக்காவுக்கு அவளைத் திட்ட வேண்டும்போல் இருந்தது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்தால் இரண்டு மூன்று நாள் தூங்காத முகம். அரத்தை மடியில் வைத்துவிட்டுத் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். "குடிங்க. கீழ பாக்காதீங்க. எவ்வளவு மழுக்கணும்னு புதுப் படத்துல போட்டிருக்கீங்களாம்மா?"

"அரை மில்லி."

"அரை மில்லியா?"

"நீங்க முதல்ல வச்சிருந்ததுதான். எவ்வளவு வைக்கணும்னு எனக்குத் தெரியல. அன்னைக்கு எடுத்த போட்டோவைப் பெருசாக்கி அளந்து பாத்தேன். எல்லா மூலையிலயும் ஒரே அளவு இருந்துச்சு. எப்படிங்க?"

"கைதான்." அவள் அடுத்த எழுத்தின் பக்கம் திரும்பியபடியே கேட்டாள். "அப்ப முதலாளிகிட்ட ஒரு வார்த்தை சொல்வீங்களா? நான் பண்ணது தப்பில்லைன்னு. அதுக்காக என்னை நிறுத்தியிருக்காங்க."

அந்தப் பெண்ணுக்கு இது தெரியாது. தெரியாது என்பது முகத்திலேயே தெரிந்தது. "நிறுத்திட்டாங்களா? அய்யோ, நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்றாள். "சொல்றேங்க. கண்டிப்பா சொல்றேன். நானும் இங்க ஒப்பந்தத்துலதான் இருக்கேன், யாரும் கேப்பாங்களான்னு தெரியல. ஆனா சொல்றேன்."

சொன்னாள் என்றுதான் தெரிகிறது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கடைசி மூலையை முடித்து அவள் கீழே இறங்கியபோது முதலாளி அங்கே நின்றிருந்தார். முகம் நிறையச் சிரிப்பு.

"அந்த டிசைன் பொண்ணு உன்னைப் பத்தித்தான் பேசிச்சு. உன் கையில மந்திரம் இருக்காம்."

"அப்ப இந்த ரெண்டு நாளும் கணக்குல ஏத்திடுவீங்களாய்யா? நான் பண்ணது தப்பில்லைன்னு ஆயிடுச்சே."

"தப்புன்னு யாரும்மா சொன்னா?" முதலாளி கையை விரித்தார். "அன்னைக்குப் படத்துல இல்ல, நீ பண்ணே. இன்னைக்குப் படத்துல இருக்கு, பண்ணே. இந்த ரெண்டு நாள் வேலை அவங்க இடத்துல, அவங்க காசுல நடந்தது. எழுத்து மாட்டுற காண்ட்ராக்டர் உனக்குக் கூலி கொடுப்பாரு, எண்ணி வாங்கிக்கோ. நம்ம பதிவேட்டுல அதை நான் எப்படி எழுதறது? பொய்க் கணக்கு ஆயிடாதா?"

சொல்வதற்கு நிறைய இருந்தது. ஒன்றைச் சொல்லிப் பட்டது போதும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். கண்ணில் தண்ணீர் வந்தது. தூள் விழுந்ததுபோலப் புறங்கையால் துடைத்தாள். காவலாளி வாசலில் பார்வையாளர் சீட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டு, அவள் பையைத் திறக்கச் சொல்லி உள்ளே எட்டிப் பார்த்தார்.

மூன்றாம் தேதிக்கு எழுதிய பெயரை டாக்டர் அடித்துவிட்டார். "அட்டை வந்ததும் வாங்க" என்றாராம். புருஷன் அதைச் சொல்லும்போது வேடிக்கை எதுவும் பேசவில்லை.

பதினோராம் நாள் காலையில் அவள் பட்டறைக்குப் போனாள். வாசல் குழாயில் முகம் கழுவவில்லை. மேஸ்திரி மேசையில் அவளுக்காக இரண்டு தாளை எடுத்து வைத்திருந்தார். அவள் கண்ணைப் பார்க்காமல் முதல் தாளைத் தள்ளினார். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கான தாள். சேர்ந்த தேதி என்ற இடத்தில் இன்றைய தேதி ஏற்கனவே எழுதியிருந்தது. கையெழுத்துப் போட்டாள்.

"இதுலயும் ஒண்ணு போடணும்க்கா. கம்பெனிக்காரன் விபத்துக்கு அப்புறம் கட்டாயமாக்கிட்டானாம். புது ஆள் எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்து, புரிஞ்சுதுன்னு எழுதி வாங்கணுமாம்."

இரண்டாவது தாளில் ஒரு மூலையைப் பெரிதாக வரைந்திருந்தார்கள். நேர்த்தியான படம். மூலையில் விளிம்பு எவ்வளவு போக வேண்டும் என்று அம்புக்குறி போட்டு அரை மில்லிமீட்டர் என்று எழுதியிருந்தது. அரத்தை வைக்கிற சாய்வும், இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, முனையில் லேசாக ஒன்று என்று மூன்று தேய்ப்பும் வரிசையாக எண் போட்டுக் காட்டியிருந்தன. கீழே இரண்டு கட்டம். 'பயிற்சி அளித்தவர்' என்ற கட்டத்தில் மேஸ்திரி கையெழுத்துப் போட்டிருந்தார். 'பயிற்சி பெற்றவர்' என்ற கட்டம் காலியாக இருந்தது.

"படிச்சுப் பாத்துட்டுப் போடுங்க" என்றார் மேஸ்திரி, தரையைப் பார்த்துக்கொண்டு. "படிச்சேன்னு எழுதணும்."

அவள் படித்தாள். ஒரு எழுத்து விடாமல் நிதானமாகப் படித்தாள். பிறகு, 'படித்தேன், புரிந்தது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மேஸ்திரி அந்தத் தாளை எடுத்துக்கொண்டு போய், அவள் நிற்கிற மேசைக்கு எதிர்ச் சுவரில், வேலை பார்க்கும்போது கண்ணில் படுகிற உயரத்தில், நாலு பக்கமும் பசை நாடா போட்டு ஒட்டினார்.